கால்நடைகளின் அவசர மருத்துவர்

கால்நடை மருத்துவமனை என்றதும் தடுப்பூசி, சினை ஊசி, குடற்புழு மருந்து ஆகியவையே பெரும்பாலோருக்கு நினைவு வரும். இவை யாவும் நாள் குறித்துச் செய்யும் பணிகள். நாளும் நாழிகையும் பாராமல் வந்து சேரும் வேறொரு வகைப் பணியும் உண்டு. ஈன்ற மறுநாள் எழ இயலாமல் கிடக்கும் பசு, வயிறு ஊதி மூச்சு முட்டும் எருமை, வாடிய சோளப்பயிரைத் தின்று துடிக்கும் காளை, வண்டியில் அடிபட்ட நாய் ஆகியவை மறுநாள் காலை வரை காத்திருக்க மாட்டா. இத்தகைய தறுவாயில் உயிரைக் காக்கும் பொறுப்பை ஏற்பவரே அவசர சிகிச்சையில் தேர்ந்த கால்நடை மருத்துவர். அவரது பணி எத்தகையது, அதற்கு வேண்டிய பயிற்சி யாது, அவர் எதிர்கொள்ளும் இடர்கள் யாவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட 20-ஆவது கால்நடைக் கணக்கின்படி கால்நடைகளின் தொகை 53 கோடிக்கு மேற்பட்டது. அவற்றுள் பசுவினம் சுமார் 19 கோடி. எருமையினம் ஏறத்தாழ 11 கோடி. இவற்றில் பெரும்பகுதி பெரிய பண்ணைகளில் இல்லை. ஒன்றிரண்டு மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடியானவர் வீடுகளிலேயே உள்ளன. நூறு மாடுகள் உள்ள பண்ணையில் ஒன்று இறந்தால் அது கணக்கில் ஒரு குறைவு. ஒரே மாடு உள்ள வீட்டில் அது இறந்தால் அன்றாட வருவாய் நின்றுவிடும்; அதை வாங்கப் பட்ட கடன் மட்டும் நிற்கும். அவசர சிகிச்சையின் மதிப்பை இந்த அளவுகோலால்தான் அளத்தல் வேண்டும்.

கொள்ளை நோயிலிருந்து தனி உயிருக்கு

கால்நடை மருத்துவக் கல்வி பிறந்ததே ஓர் அவசரத்தின் காரணமாகத்தான். ஐரோப்பாவில் வெக்கை நோய் மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்று வந்த காலத்தில், 1761-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் லியோன் நகரில் கிளாட் பூர்ழெலா என்பவர் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் தோற்றுவித்தார். நம் நாட்டிலும் அதே நோய்க்கு எதிரான முயற்சியே ஆராய்ச்சிக்கு வித்திட்டது. 1889-இல் பூனாவில் ஏற்பட்ட ஆய்வுக்கூடம் 1893-இல் இமயமலைச் சாரலில் உள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. 1913-இல் இசத்நகரில் அதன் கிளை அமைந்தது. இந்நாளைய இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையம் அவ்வாறு வளர்ந்ததே. வெக்கை நோய் உலகிலிருந்து அறவே ஒழிந்துவிட்டதாக 2011-இல் அறிவிக்கப்பட்டது.

மந்தையை அழிக்கும் நோய் கட்டுக்குள் வந்த பின்னரே தனி உயிரைக் காக்கும் கலைக்கு இடம் பிறந்தது. குஜராத்தில் 1946-இல் தோன்றிய கெய்ரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம், பாலை வாங்குவதோடு நில்லாமல், உறுப்பினரின் மாடு நோயுற்றால் மருத்துவரை ஊர்தியில் அனுப்பும் ஏற்பாட்டையும் செய்தது. அமெரிக்காவில் 1978-இல் கால்நடை அவசர சிகிச்சைக்கென ஒரு சங்கம் ஏற்பட்டது. 1989-இல் அது தனிச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது. பட்டம் பெற்ற பின் நிறைபயிற்சியும், அதன்மேல் மூன்றாண்டுச் சிறப்புப் பயிற்சியும் முடித்துத் தேர்வில் வென்றவரே அங்கு இத்துறையின் நிபுணர் எனக் கொள்ளப்படுகிறார். அங்கு இவர்களது பணி பெரும்பாலும் நாய், பூனை முதலிய வளர்ப்புப் பிராணிகளைச் சார்ந்தது. நம் நாட்டிலோ, நகரங்களில் நாய்களும் பூனைகளும், கிராமங்களில் கறவை மாடுகளும் உழவு மாடுகளும் இப்பணியை வேண்டி நிற்கின்றன.

மூன்று அழைப்புகள், ஒரு மருத்துவர்

அவசர மருத்துவர் கற்க வேண்டிய முதற்பாடம் மருந்தைப் பற்றியதன்று, வரிசையைப் பற்றியது. ஒரே இரவில் மூன்று இடங்களிலிருந்து அழைப்பு வருவதாகக் கொள்வோம். ஓரிடத்தில் மாட்டின் காலில் வெட்டுக்காயம். இரத்தம் கசிந்து நின்றுவிட்டது. மற்றோரிடத்தில் ஈன்ற பசு படுத்துவிட்டது. கழுத்தை மடித்து வைத்திருக்கிறது. மூன்றாமிடத்தில் எருமையின் இடப்புற வயிறு முரசுபோல் ஊதி, நாக்கு வெளியே தொங்குகிறது. முதலில் அழைத்தவர் காயம்பட்ட மாட்டின் சொந்தக்காரர். ஆயினும் மருத்துவர் முதலில் செல்ல வேண்டிய இடம் மூன்றாவது, அடுத்தது இரண்டாவது. காயம் காலை வரை பொறுக்கும். மூச்சு பொறுக்காது.

மூச்சு, இரத்த ஓட்டம், உணர்வு என்னும் மூன்றையும் இந்த வரிசையிலேயே பார்த்தல் வேண்டும் என்பது விதி. மனிதனைப் போல் எங்கே வலிக்கிறது என்று பிராணி சொல்லாது. ஆகவே ஈறின் நிறம், காதின் வெப்பம், நாடியின் வேகம், விலாவின் அசைவு, சாணத்தின் தன்மை ஆகியவையே அதன் மொழி. ஈறு வெளுத்திருந்தால் இரத்த இழப்பு அல்லது அதிர்ச்சி. நீலம் பாரித்திருந்தால் உயிர்வளிக் குறைவு. இம்மொழியைச் சில நிமிடங்களில் படித்துணரும் பழக்கமே இத்துறையில் அனுபவம் எனப்படுவது.

ஒரு நோயின் பாடம்

அவசர சிகிச்சையின் விஞ்ஞானத்தை விளக்கப் பால் காய்ச்சல் என்னும் நோயைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. நன்றாகக் கறக்கும் பசுவுக்கு, பெரும்பாலும் மூன்றாவது ஈற்றிலோ அதற்குப் பின்னரோ, கன்று ஈன்ற இரண்டு மூன்று நாட்களுக்குள் இது வருகிறது. முதலில் பசு நிலைகொள்ளாமல் தள்ளாடும். பின்னர் மார்பின்மீது படுத்து, தலையை விலாப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். மூக்குநுனி உலரும், காது குளிரும், சாணம் போடுவது நின்றுவிடும். இறுதியில் பக்கவாட்டில் சாய்ந்து உணர்விழக்கும். சிகிச்சை இல்லையெனில் சில மணி நேரத்தில் மரணம் நேரும்.

இதில் வியப்பு யாதெனில், பெயரில் காய்ச்சல் இருப்பினும் உடலில் காய்ச்சல் இல்லை. வெப்பநிலை பெரும்பாலும் இயல்புக்குக் குறைந்தே இருக்கும். சில்லென்றிருக்கும் மாட்டுக்குக் காய்ச்சல் என்று பெயர் சொல்லும் மருத்துவரைக் கண்டு குடியானவர் ஐயுறுவதில் பிழையில்லை. பெயர் பழைய காலத்தது. காரணம் பின்னர் அறியப்பட்டது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இந்நோய் கண்ட பசுக்களில் பாதிக்கு மேல் இறந்துவந்தன. 1897-இல் டென்மார்க் நாட்டின் கோல்டிங் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஷ்மிட் என்பவர், நோயின் நஞ்சு மடியில் உண்டாவதாகக் கருதினார். அந்நஞ்சை முறிக்கும் எண்ணத்துடன் பொட்டாசியம் அயோடைடுக் கரைசலை மடிக்குள் செலுத்தினார். சாவு வெகுவாகக் குறைந்தது. சில ஆண்டுகளில் அந்நாட்டிலேயே வேறோர் உண்மை புலப்பட்டது. மருந்தே வேண்டியதில்லை, மடியில் வெறுங் காற்றை அடைத்தாலும் பசு எழுந்து நின்றது! மிதிவண்டிக்குக் காற்றடிப்பதுபோல் மடிக்குக் காற்றடித்து உயிர் காக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியது. ஷ்மிட்டின் சிகிச்சை சரியாக இருந்தது. அவர் கூறிய காரணம் தவறாக இருந்தது.

உண்மைக் காரணம் 1925-இல் விளங்கிற்று. எடின்பரோவில் டிரையர், கிரெய்க் ஆகிய இருவரும், இது நஞ்சன்று, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் குறைவதே காரணம் என்னும் கருத்தை வெளியிட்டனர். அதே ஆண்டில் லிட்டில், ரைட் ஆகியோர் நோயுற்ற பசுக்களின் இரத்தத்தைச் சோதித்துக் கால்சியம் குறைந்திருப்பதைக் காட்டினர். கணக்கும் இதற்கு இசைகிறது. பெரிய கறவைப் பசு ஒன்றின் இரத்த நீரில் ஒரு சமயத்தில் இருக்கும் கால்சியம் சுமார் 3 கிராம். ஒரு கிலோ சீம்பாலில் வெளியேறுவது 2 கிராமுக்கு மேல். பத்துக் கிலோ சீம்பால் சுரந்தால் 20 கிராமுக்கு மேல் போகிறது. எலும்பிலும் உணவிலும் இருந்து அந்த இழப்பை ஈடுசெய்ய உடலுக்கு இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும். அந்த இடைவெளியே ஆபத்துக் காலம். கால்சியமின்றித் தசைகள் இயங்கா. ஆகவே கால் தளர்கிறது, இரைப்பை நிற்கிறது, இறுதியில் இதயமும் சோர்கிறது. மடியில் காற்றடைத்தபோது பால் சுரப்பது தடைப்பட்டது; கால்சியம் வெளியேறுவதும் நின்றது. காற்று உயிர் காத்த இரகசியம் இதுவே.

1930-களில் கால்சியம் போரோகுளுகோனேட் என்னும் கரைசல் வழக்கத்துக்கு வந்தது. இந்நாளில் மருத்துவர் இதனைச் சுமார் 400 மில்லி லிட்டர் அளவில், உடல் வெப்பத்துக்குச் சூடாக்கி, கழுத்துச் சிரை வழியாக மெல்ல மெல்லச் செலுத்துகிறார். ஒரு கை புட்டியைப் பிடித்திருக்க, மறு கை ஸ்டெதாஸ்கோப்பைப் பசுவின் இதயத்தின்மீது வைத்திருக்கும். கால்சியம் இதயத்துக்கு வேண்டும். விரைந்து பாய்ந்தாலோ அதே கால்சியம் இதயத்தை நிறுத்திவிடும். துடிப்பு தடுமாறினால் உடனே நிறுத்தல் வேண்டும். பதினைந்து நிமிடத்தில் முடிக்க வேண்டிய வேலையை ஐந்து நிமிடத்தில் முடிக்க நினைப்பவர், நோயால் சாக இருந்த மாட்டை மருந்தால் கொன்றுவிடுவார். அவசர மருத்துவத்தில் அவசரப்படலாகாத இடம் இது.

சிறிது நேரத்தில் தசைகள் நடுங்கும், பசு ஏப்பம் விடும், சாணம் போடும், காது சூடேறும். பெரும்பாலான பசுக்கள் இரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். சில மாடுகளுக்கு ஒரு நாளுக்குள் நோய் மீண்டும் வரக்கூடும். ஆதலால் எழுந்து நின்ற பசுவைக் கண்டு மகிழ்ந்து, மருத்துவர் சொன்ன எச்சரிக்கையை மறந்துவிடலாகாது. காலம் தாழ்த்தி அழைக்கப்பட்டால் வேறொரு கேடு நேரும். பல மணி நேரம் ஒரே பக்கம் படுத்த பாரத்தால் பின்கால் தசைகள் நசுங்கிப்போம். கால்சியம் ஏறிய பின்னும் பசு எழாது. ஆகையால் வைக்கோல் மெத்தை இட்டு, சில மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும்.

இந்நோயைத் தடுக்கும் முறையும் சிந்தனைக்குரியது. சினையின் கடைசி வாரங்களில் சுண்ணாம்புச் சத்தை மிகுதியாகக் கொடுத்தால் நோய் வராது என்று பலர் கருதுவர். உண்மை இதற்கு மாறானது. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைக்கும்போது, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும் உடலமைப்பு வேலையின்றி அயர்ந்துவிடுகிறது. ஈன்றவுடன் தேவை பெருகும்போது அது விழித்தெழுவதற்குள் பசு வீழ்ந்துவிடுகிறது.

வேறு சில ஆபத்துகள்

மாட்டின் முதல் இரைப்பையில் தீவனம் புளித்து மணிக்கு 30 முதல் 50 லிட்டர் வரை வாயு உண்டாகக்கூடும். ஏப்பமாக இது வெளியேறாவிடில் வயிறு உப்பி உதரவிதானத்தை அழுத்தும், மூச்சு நிற்கும். தனி வாயுவாயின் இரைப்பைக் குழாயைச் செலுத்தியதும் வெளியேறும். பயறு வகைப் பசுந்தீவனத்தால் நுரையாகக் கட்டிக்கொண்டால் குழாயால் பயனில்லை. நுரையை உடைக்கும் எண்ணெயோ மருந்தோ குழாய் வழியே செலுத்தப்படும். உயிர் போகும் நிலையில் இடப்புற விலாக்குழியில் துளையிட்டு வாயுவை வெளியேற்றுவதே கடைசி வழி.

மழையின்றி வாடிய இளஞ்சோளத்திலும், அறுத்த பின் துளிர்த்த கட்டைப் பயிரிலும் ஹைட்ரோசயனிக் அமிலத்தை உண்டாக்கும் பொருள் மிகுந்திருக்கும். மேய்ந்த சில நிமிடங்களிலேயே மாடு மூச்சுத் திணறி வீழும். இரத்தத்தில் உயிர்வளி நிறைந்திருந்தும் திசுக்கள் அதனைப் பயன்படுத்த இயலாமையால் இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் இதற்கு முறிமருந்துகள்.

எருமைகளில் அடிக்கடி காணப்படும் மற்றோர் ஆபத்து, ஈனும் தறுவாயில் கருப்பை முறுக்கிக்கொள்ளுதல். முறுக்கு எந்தப் பக்கம் என்று கையால் உணர்ந்து, எருமையை அப்பக்கமே படுக்கவைத்து, வயிற்றின்மீது நீண்ட பலகையை வைத்து ஒருவர் அதன்மேல் நின்றழுத்த, முறுக்கின் திசையிலேயே உருட்டினால் கருப்பை அசையாதிருக்க உடல் சுழன்று முறுக்கு விடுபடும். இதற்கு வேண்டியவை ஒரு பலகை, கயிறு, நாலைந்து ஆட்கள், தெளிந்த அறிவு ஆகியவையே.

நாய், பூனைகளின் இதயம் நின்றுவிட்டால் செய்ய வேண்டியவை குறித்து 2012-இல் உலகளாவிய நெறிமுறைகள் வெளியாயின. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்துதல் வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை.

பயிற்சியும் பொறுப்பும்

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவரே மருத்துவம் செய்யலாம். பட்டப்படிப்பு, நிறைபயிற்சியுடன் சேர்த்து, ஐந்தரை ஆண்டுகள். அதன்பின் அறுவை சிகிச்சை, பொது மருத்துவம், ஈனியல் முதலியவற்றில் முதுநிலைப் பட்டம் பெறலாம். அவசர மருத்துவருக்கு இம்மூன்றிலும் பழக்கம் வேண்டும். ஏனெனில் அழைப்பு வருகையில் எத்துறை நோய் என்று முன்னறிவிப்பதில்லை.

மருந்தின் பயன் நோயாளியோடு முடிவதில்லை என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்றுண்டு. வலி போக்கும் டைக்குளோபினாக் என்னும் மருந்து மாடுகளுக்குப் பெரிதும் கொடுக்கப்பட்டது. அம்மருந்து பெற்ற சிறிது காலத்தில் இறந்த மாடுகளின் இறைச்சியைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. கழுகினங்கள் சில அழிவின் விளிம்புக்கு வந்தன. கால்நடைகளுக்கான டைக்குளோபினாக் 2006-இல் தடை செய்யப்பட்டது. கழுகுக்குத் தீங்கிழைக்காத மெலாக்சிகாம் அதன் இடத்தில் பரிந்துரைக்கப்படுகிறது. நள்ளிரவில் ஒரு மாட்டின் வலியைத் தணிக்கும் மருத்துவர், வானத்தில் பறப்பனவற்றையும் நினைவிற்கொள்ள வேண்டியவராகிறார்.

மருத்துவரின் இடர்கள்

வாயில் எச்சில் வடிய, விழுங்க இயலாமல் தவிக்கும் மாட்டைக் கண்டால் தொண்டையில் மாங்கொட்டை சிக்கியிருப்பதாகவே தோன்றும். அதனை எடுக்கக் கையை உள்ளே விடுவது இயல்பான செயல். அந்த மாட்டுக்கு வெறிநோய் இருந்தாலும் குறிகள் இவையே. வெறிநோயின் குறி தோன்றிய மனிதர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே இப்பணியில் உள்ளோர் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வதும், உறையணிந்தே வாயைத் தொடுவதும் கட்டாயம். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பவருக்குப் புருசெல்லா நோய் தொற்றக்கூடும். மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத இரத்தம் கசியத் திடீரென இறந்த மாட்டை அறுத்துப் பார்த்தலாகாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அறுத்தால் கிருமி வித்துகள் மண்ணில் பல்லாண்டு தங்கிவிடும்.

உடலுக்கு நேரும் இடரைவிட உள்ளத்துக்கு நேரும் பாரம் சில வேளை பெரிது. முதுகெலும்பு முறிந்த பிராணியை மீட்க வழியில்லாதபோது, அதன் வேதனையை முடித்துவைக்க வேண்டி வரும். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960, இத்தகைய நிலைக்கு வழிவகுத்துள்ளது. சட்டம் இடந்தருவதால் மனம் இடந்தந்துவிடாது. சிகிச்சையால் பிழைக்கக்கூடிய மாடு, செலவுக்கு வழியின்மையால் சாவதைப் பார்த்து நிற்பது இன்னுங் கடினம். கால்நடை மருத்துவர்களிடையே மனச்சோர்வு மிகுதி என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. இரவுப் பணியை மாறி மாறிச் செய்தல், கடினமான முடிவைச் சக மருத்துவரோடு கலந்து எடுத்தல், ஓய்வைக் கடமையாகக் கொள்ளுதல் ஆகியவை இதற்குரிய பரிகாரங்கள்.

மருத்துவர் வரும் வரை

மத்திய அரசும் மாநில அரசுகளும் இணைந்து நடத்தும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளை 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் வாயிலாக அழைக்கலாம். ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஓர் ஊர்தி என்பது இத்திட்டத்தின் அளவு. அழைப்புக்கும் வருகைக்கும் இடையே உள்ள நேரம் சொந்தக்காரர் கையில் உள்ளது. அந்நேரத்தில் நினைவிற்கொள்ள வேண்டியவை சில:

ஒன்று: படுத்துவிட்ட மாட்டின் வாயில் எண்ணெய், கஷாயம், நீர் எதையும் ஊற்றலாகாது. பால் காய்ச்சலில் விழுங்கும் சக்தி குன்றியிருக்கும். ஊற்றியது நுரையீரலுக்குள் சென்று சாவை விளைவிக்கும். அன்பினால் ஊற்றிய மருந்தே இறந்ததற்குக் காரணமாகும் நிகழ்ச்சிகள் பல.

இரண்டு: பக்கவாட்டில் சாய்ந்த மாட்டை மார்பின்மீது நிமிர்த்தி, வைக்கோல் மூட்டைகளை அண்டக் கொடுத்தல் வேண்டும். வயிறு ஊதிய மாட்டின் முன்கால்கள் மேட்டில் இருத்தல் நலம்.

மூன்று: பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் கன்று வெளிவராவிடில் உடனே அழைத்தல் வேண்டும். பலர் கூடிக் கயிறு கட்டி இழுத்தல் தாயையும் கன்றையும் சேர்த்துக் கொல்லும்.

நான்கு: எப்போது ஈன்றது, எதைத் தின்றது, எப்போது சாணம் போட்டது என்பவற்றை ஒருவர் தெளிவாகச் சொல்லக் காத்திருத்தல் வேண்டும். பேச இயலாத நோயாளிக்காகப் பேச வேண்டியவர் அவரே.

நான்காவது குறிப்பு சிறிதாகத் தோன்றினும் பயனில் பெரிது. விடியுமுன் மருத்துவர் வந்து இறங்குகையில், கையில் விளக்குடன் நின்று, "நேற்று அந்தியில் ஈன்றது, நள்ளிரவில் படுத்தது, வாயில் எதையும் ஊற்றவில்லை" என்று சொல்லும் வீட்டுக்காரர், சிகிச்சையின் பாதியை முன்னமே முடித்துவைத்தவர் ஆவார்.